திருநந்தவனத்து அலரி: வளர்ப்பும் காப்பும்

பூவினால் செய்யப்படுவது பூசை என்பர் பெரியோர். பொன்னும் பொருளும் இல்லாதார்க்கும் எளிதில் கைகூடும் வழிபாடு மலர் வழிபாடே. விலை கொடுத்து வாங்கிய மலரினும், தம் கையால் நட்டு, நீர் வார்த்து, வைகறையில் கொய்து சாத்திய மலருக்குச் சிறப்பு மிகுதி என்பது ஆன்றோர் கொள்கை. ஆதலின் பண்டைத் திருக்கோயில்கள் தோறும் திருநந்தவனங்கள் அமைந்தன. அவற்றைப் பேணுதல் தனியொரு திருத்தொண்டாகப் போற்றப்பட்டது.

அத்தகைய நந்தவனங்களில் தவறாது இடம்பெற்ற செடிகளுள் ஒன்று அலரி. அரளி என்று உலக வழக்கில் வழங்குவதும் இதுவே. ஆண்டு முழுவதும் கரும்பச்சை இலை மாறாது நிற்பது. கடுங்கோடையிலும் பூத்துக் குலுங்குவது. வளர்ப்பதற்கு மிக எளியது. எனினும் இச்செடியின் வேர் முதல் மலர் வரை உள்ள எல்லா உறுப்புகளும் நஞ்சுடையவை. இறைவன் திருமுடிக்கு உரிய மலர், மனிதர் வாய்க்கு உரியதன்று. இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்து அலரியை வளர்ப்பதே முறை. அம்முறையை அன்பர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இப்பாடம் எழுதப்படுகிறது.

பெயரும் பெருமையும்

அலர்தல் என்பதற்கு மலர்தல் என்பது பொருள். அவ்வடியாக அலரி என்னும் பெயர் தோன்றியது என்பர். பழந்தமிழ் நூல்கள் இதனைக் கணவீரம், கணவிரம் என்னும் பெயர்களாலும் குறிக்கின்றன. வடமொழியில் கரவீரம் எனப்படும்.

திருமுருகாற்றுப்படையில் குன்றுதோறும் முருகனை வழிபடும் முறை கூறும் நக்கீரர், வெறியாடும் களத்தில் கணவீர மாலைகள் தொங்கவிடப்படுவதைக் காட்டுகின்றார். செந்நிற மலர் செவ்வேளுக்கு உகந்தது என்னும் கருத்து அத்துணைப் பழமையுடையது.

சைவ மரபில் அட்டபுட்பம் என எட்டு மலர்களைச் சிறப்பித்துக் கூறுவர். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன அவை. பெருமரத்துப் பூவும் நீரிற் பூக்கும் பூவும் சேர்ந்த அவ்வரிசையில், வேலியோரத்தில் நிற்கும் அலரியும் நிகராக வைக்கப்பட்டிருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

காவிரித் தென்கரைத் தலங்களுள் ஒன்றாகிய திருக்கரவீரம், திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற அத்தலத்திற்குத் தலமரம் அலரியே. ஊர்ப்பெயரும், கரவீரநாதர் என்னும் இறைவன் திருப்பெயரும் இச்செடியோடு இயைந்தவை. இன்றும் செவ்வலரி அம்மனுக்கும் துர்க்கைக்கும் முருகனுக்கும், வெள்ளலரி சிவபெருமானுக்கும் சாத்தப்படுவதை அன்பர்கள் கண்டிருப்பர்.

செடியின் இயல்பு

அலரியைத் தாவர நூலார் நீரியம் ஒலியாண்டர் என்பர். மத்தியதரைக் கடல் நாடுகள் தொடங்கி நம் நாடு வரை இயல்பாக வளரும் செடி இது. நீர்வற்றிய ஆற்றுப்படுகைகளிலும் ஓடைக்கரைகளிலும் தானே தோன்றித் தழைக்கும் தன்மையது.

இதன் இலை ஈட்டிமுனை போல் நீண்டு, தடித்து, தோல் போன்று இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் பெரும்பாலும் மூன்று இலைகள் வட்டமாக நிற்கும். இலையின் மூச்சுத் துளைகள் அடிப்பக்கத்துச் சிறு குழிகளுக்குள் மறைந்து, நுண்மயிர்களால் காக்கப்படுகின்றன. ஆதலால் வெயிலில் நீர் மிகுதியாக ஆவியாவதில்லை. நெடுஞ்சாலைகளின் நடுவே, புகையும் அனலும் சூழ்ந்த இடத்தில், அலரி வாடாது நிற்பதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம். 1945ஆம் ஆண்டு அணுகுண்டால் அழிந்த ஜப்பானிய நகரமாகிய ஹிரோஷிமாவில், அழிவிற்குப் பின் முதலில் பூத்த மலர்களுள் அலரி ஒன்று என்று கூறி, அந்நகரத்தார் அதனைத் தம் நகரத்தின் மலராகக் கொண்டுள்ளனர்.

வெள்ளை, இளஞ்சிவப்பு, செம்மை எனப் பல நிறங்களில் அலரி பூக்கும். ஐந்து இதழ் உடையது ஒற்றையலரி. பல இதழ் செறிந்தது அடுக்கலரி. பொன்னரளி, மஞ்சளரளி என்று வழங்குவது வேறொரு செடி. அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. இலை மெலிந்தும், பூ புனல் போன்றும், காய் உருண்டும் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் நஞ்சுடையவை. பொன்னரளியின் விதை மிகக் கொடியது. ஆதலின் பின்வரும் எச்சரிக்கைகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

இடமும் நடுமுறையும்

அலரிக்கு முதல் தேவை வெயில். நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் படும் இடமே ஏற்றது. நிழலில் வைத்தால் செடி நெட்டையாக வளர்ந்து இலை காட்டுமேயன்றிப் பூக்காது. மண் எத்தகையதாயினும் பொறுத்துக்கொள்ளும். சிறிது உவர் மண்ணிலும் வளரும். நீர் தேங்குதல் ஒன்றே ஆகாது.

விதையினும் போத்து நடுதலே எளிது. முற்றியும் முற்றாத கிளையில் ஒரு சாண் நீளமுள்ள துண்டைக் கணுவிற்குக் கீழே அறுத்து, அடியிலைகளை நீக்கிவிட வேண்டும். மேலே நாலைந்து இலைகள் இருந்தால் போதும். மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணில் பாதியளவு ஊன்றி, ஈரம் காயாமல் நிழலில் வைத்தால், ஏறத்தாழ ஒரு திங்களில் வேர் பிடிக்கும். மழைக்காலத் தொடக்கம் இதற்கு நல்ல பருவம். சிலர் போத்தை நீர் நிறைந்த பாத்திரத்தில் வைத்து வேர்விடச் செய்வர். அந்நீரிலும் நஞ்சு இறங்கும். ஆதலின் அப்பாத்திரத்தைச் சமையலறையில் வைத்தலும், பின் வேறு பயனுக்குக் கொள்ளுதலும் ஆகா.

வேர்பிடித்த செடியை ஒன்றரை அடிக் குழியில் தொழு உரமும் மேல்மண்ணும் இட்டு நடுக. செடிக்குச் செடி ஆறடி இடைவெளி விடுதல் நன்று. நடைபாதை ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே தள்ளி நடுவது, போவார் வருவார் கையும் குழந்தைகள் கையும் எட்டாமல் இருக்க உதவும். தொட்டியில் வளர்ப்போர் அகலமும் ஆழமும் ஓர் அடிக்குக் குறையாத தொட்டியைக் கொள்க. அடியில் நீர் வடிய வழி வேண்டும்.

பேணும் முறை

முதல் ஆண்டில் வாரம் இருமுறை நீர் வார்த்தல் வேண்டும். வேர் ஆழ்ந்த பின் மண் காய்ந்தபோது மட்டும் வார்த்தால் போதும். ஆண்டிற்கு இருமுறை தொழு உரம் இடுக. யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் இலை செழிக்கும், பூ குறையும்.

அலரி புதுத்தளிரின் நுனியில் பூப்பது. ஆதலின் கத்தரித்தல் இன்றியமையாதது. ஒரு பூப்பருவம் முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால், பக்கக் கிளைகள் பல தோன்றி அடுத்த பருவத்தில் மலர் பெருகும். அடியிலிருந்து கிளைக்கும் மெலிந்த போத்துகளை நீக்குக. பனி மிகுந்த மார்கழி, தை மாதங்களில் பூ குறைதல் இயல்பு. அதனை நோய் என்று கருதி உரம் இட வேண்டா.

புழு அரித்த மலரைப் பூசைக்குக் கொள்ளலாகாது என்பது மலர் விதி. ஆகவே பூச்சி காத்தல் அழகுக்காக மட்டுமன்று, வழிபாட்டுக்காகவும் வேண்டப்படுவது. இளந்தளிரில் மஞ்சள் நிறத்து அசுவினி மொய்க்கும். அதனை நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் நீங்கும். மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் கண்டால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நீரிற் கலந்து மாலையில் தெளிக்க. விரல் பருமனுள்ள பச்சைப்புழு, தலைப்பக்கம் நீலக்கண் போன்ற புள்ளியுடன் இலையைத் தின்னக் காணலாம். அது அலரியின் நஞ்சைத் தாங்கி வாழும் அந்துப்பூச்சியின் புழு. ஒன்றிரண்டாயின் கையுறை அணிந்து எடுத்து அகற்றினால் போதும். சாத்துவதற்குரிய மலரின்மேல் கடும் பூச்சிமருந்து தெளித்தல் தகாது.

நஞ்சின் தன்மை

அலரியில் உள்ள நஞ்சுப் பொருள்களுள் ஒலியாண்டிரின் முதன்மையானது. அது இதயத் தசையின் இயக்கத்திற்கு இன்றியமையாத உப்புகளின் போக்குவரத்தைத் தடுக்கின்றது. அதனால் நாடித்துடிப்பு தளரும், தாளம் தவறும். வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் ஆகியன முன்னதாகவோ உடனாகவோ தோன்றும். காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும், வேகவைத்தாலும் நீங்காது, எரித்தால் எழும் புகையும் தீங்கு செய்யும்.

தொட்டாலே உயிர்க்கு இறுதி என்று அஞ்ச வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பூக்கட்டுவோர் அலரியைக் கையாண்டே வருகின்றனர். சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டிப் பகுதியில் அலரிச் சாகுபடியே உழவர் பலர்க்கு வாழ்வாதாரம். இலையையும் கிளையையும் ஒடித்தால் வடியும் சாறு சிலர் தோலில் அரிப்பு உண்டாக்கும். கண்ணில் பட்டால் எரிச்சல் தரும். பெருந்தீங்கு விளைவது வாய்வழி உட்செல்லும்போதே. ஆதலின் அலரியைப் பற்றிய எச்சரிக்கை அனைத்தையும் ஒரே தொடரில் அடக்கலாம்: கையில் எடுத்த அலரி, எவர் வாய்க்கும் செல்லலாகாது.

கொய்தலும் தொடுத்தலும்

இவ்வெச்சரிக்கையைக் கேட்டுப் புதியது என்று வியக்க வேண்டா. பெரிய புராணத்தில் எறிபத்த நாயனார் வரலாற்றில் வரும் சிவகாமியாண்டார், கருவூர் ஆனிலைத் திருக்கோயிலுக்கு நாள்தோறும் பூத்தொண்டு புரிந்தவர். அவர் வைகறையில் எழுந்து, நீராடி, வாயையும் கட்டிக்கொண்டு நந்தவனம் புகுந்தார் என்று சேக்கிழார் பெருமான் அருளியுள்ளார். மூச்சுக்காற்றும் எச்சிலும் மலரிற் படாதிருத்தற்கு அவர் வாய் கட்டினார். இறைவனுக்குரிய மலரை மோந்து பார்த்தலும் குற்றம் எனக் கொள்ளும் மரபு நம்முடையது. நம் எச்சிலிலிருந்து மலரைக் காத்த அவ்வொழுக்கம், அலரியின் நஞ்சிலிருந்து நம்மையும் காப்பதாக அமைந்திருக்கின்றது. இவ்வொழுக்கம் தளர்ந்த இடத்திலேதான் தீங்கு நுழைகின்றது.

எனவே பூத்தொண்டு புரிவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க.

பூக்கொய்யும்போது இலையையோ காம்பையோ வாயிற் கவ்வுதல் கூடாது. வெற்றிலை பாக்கு மெல்லுதலும் தின்பண்டம் உண்ணுதலும் அப்போது ஆகா. மலரைப் பூக்குடலையிலேயே சேர்க்க. உணவுப் பாத்திரத்திலும் மடியிலும் இடலாகாது.

மாலை தொடுக்கும்போது நாரைப் பல்லாற் கடித்து அறுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அலரி தொடுக்கையில் அதனை அறவே விடுக. கத்தரி கொண்டு அறுக்க. நாரை நனைக்க நாவைத் தொடாமல், தனிக்கிண்ணத்து நீரைக் கொள்க. அந்நீரைப் பின்பு செடியின் அடியில் ஊற்றிவிடுக.

வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கையைக் கழுவுக. கிளை கத்தரிப்போர் கையுறை அணிதலும், சாறுபட்ட கையால் கண்ணைத் தொடாதிருத்தலும் வேண்டும்.

நிவேதனமும் நிர்மாலியமும்

கோயிலில் துளசியையும் வில்வத்தையும் பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயிலிடுதல் அன்பர்கள் வழக்கம். அதே தட்டில் அலரியிதழும் கலந்திருந்தால், வயது முதிர்ந்தோரும் சிறுவரும் அறியாது மென்றுவிடக்கூடும். தட்டில் மலர் வகையைப் பிரித்து வைத்தல் அர்ச்சகரும் தொண்டரும் கொள்ள வேண்டிய முதற்கடமை.

2024ஆம் ஆண்டில் கேரளத்தில் இளம்பெண் ஒருவர் அலரியை மென்றமையால் உயிரிழந்தார் என்ற ஐயம் எழுந்தது. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, தன் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அலரியைத் தவிர்க்க வேண்டும் என முடிவு செய்தது. ஏனைய பூசைகளில் அதனை விலக்கவில்லை. சாத்துவதும் உண்பதும் வேறு என்னும் தெளிவு அம்முடிவில் விளங்குகின்றது. நம் இல்லப் பூசையிலும் இதனைப் பின்பற்றலாம். பொங்கல், பழம், பால் ஆகியவற்றின் மேல் அலரியை இடாது, படத்திற்கும் திருவுருவத்திற்கும் சாத்துக. தீர்த்தப் பாத்திரத்திலும் கலச நீரிலும் அலரியைச் சேர்க்காது, அவ்விடத்துத் துளசியோ வில்வமோ இடுக.

களைந்த மாலையாகிய நிர்மாலியத்தில் மிகுந்த கருத்து வேண்டும். இறைவன் மேனியில் கிடந்த மாலை என்னும் அன்பினால் அதனைப் பசுவிற்கு இடுவோர் உளர். மாலையில் அலரி இருந்தால் அவ்வன்பே பசுவிற்குக் கேடாகும். மாடும் ஆடும் பச்சை அலரியின் கசப்பறிந்து பெரும்பாலும் ஒதுக்கும்; ஆனால் வாடியது வேறு தீனியோடு கலந்திருந்தால் அறியாது தின்றுவிடும். ஆதலின் கோசாலைக்கு அனுப்பும் பூக்களில் அலரி சிறிதும் இருத்தலாகாது. தெருவிலும் குப்பை மேட்டிலும் எறிந்தால் அலையும் ஆடுமாடுகள் அதனை உண்ணும். திருக்குளத்தில் இட்டால் மீன்களுக்குத் தீங்காம். எரித்தலும் கூடாது எனக் கண்டோம். நந்தவனத்தின் ஒரு மூலையில் கால்நடை எட்டாத தனிக்குழி எடுத்து, நிர்மாலியத்தையும் வெட்டிய கிளைகளையும் அதனுள் இட்டு மண்மூடி மட்கவிடுதலே நல்வழி. அவ்வெருவைப் பூச்செடிகளுக்கு இடுக. கீரைப் பாத்திக்கு இட வேண்டா.

இல்லத்தில் வளர்க்கலாமா?

அலரியை வீட்டில் வைக்கலாமா என்று அன்பர் பலர் வினவுவர். தவழும் குழந்தையும், எதையும் வாயிலிடும் பருவத்துச் சிறுவரும் உள்ள இல்லத்தில் சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் நன்று. ஆடு மாடு கட்டியிருக்கும் கொட்டிலை ஒட்டி நடலாகாது. கிணற்றங்கரையிலும் நீர்த்தொட்டியின் அருகிலும் நட்டால் சருகு நீரில் விழும். இவை ஒழிந்த இடத்தில், வேலிக்குள்ளாக, தாராளமாக வளர்க்கலாம். குழந்தைகளுக்கு இச்செடியைக் காட்டி, இது சாமிக்கு உரிய பூ, வாயில் வைத்தல் ஆகாது என்று சொல்லிப் பழக்குக. மறைத்து வைப்பதினும் அறிவித்து வளர்த்தல் மேலானது.

அலரி வேரும் பட்டையும் சித்த மருத்துவ நூல்களில் கூறப்படுவது உண்மையே. அவற்றைச் சுத்தி செய்யும் முறையும் அளவும் அத்துறை கற்ற மருத்துவர் அறிவர். ஏனையோர் கைமருந்தாகக் கொள்ளுதல் உயிரோடு விளையாடுவதாகும்.

எவரேனும் அலரியை உட்கொண்டதாக அறிந்தால் சிறிதும் காலம் தாழ்த்தலாகாது. வாந்தி எடுக்கச் செய்தலும், மோர், புளிநீர், உப்புநீர் முதலியன புகட்டுதலும் வேண்டா. 108 என்னும் எண்ணை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. உட்கொண்ட செடியின் இலையோ மலரோ ஒன்றை உறையிலிட்டு உடன் எடுத்துச் செல்க. மருத்துவர் நஞ்சை அறிதற்கு அது உதவும். தொடக்கத்தில் நலமாகத் தோன்றினும் இதயத்தின் தாளம் பின்னர்த் தவறக்கூடும்; ஆதலின் மருத்துவர் விடுக்கும் வரை அங்கேயே இருத்தல் வேண்டும்.

நிறைவுரை

நஞ்சுடைமை கருதி அலரியை வெறுத்தல் முறையன்று. ஆலகாலத்தை உண்டு உலகைக் காத்த பெருமான், நஞ்சுடைய எருக்கையும் ஊமத்தையையும் அலரியையும் ஏற்று அருள்கின்றான். பிறர் ஒதுக்கியதையும் தன்பால் அணிந்துகொள்ளும் அருட்டிறம் அது. அவன் ஏற்றான் என்பதற்காக நாமும் அவற்றை உண்ணத்தக்கன என்று எண்ணலாகாது. அறிந்து கையாளுதலே நமக்கு அமைந்த கடமை.

ஒரு சாண் போத்து, ஒரு கூடை எரு, நல்ல வெயில் இவ்வளவே அலரிக்கு வேண்டுவன. கோயிலில் இடமிருப்பின் நந்தவனத்தில் ஒரு செடியேனும் நட்டுப் பேணுக. கையைத் தூய்மையாகவும் வாயைக் காவலாகவும் வைத்துக் கொய்யும் மலர், சாத்துவோர்க்கும் காண்போர்க்கும், பசு முதலிய வாயில்லா உயிர்களுக்கும் தீங்கின்றி இறைவன் திருவடி சேரும். எல்லா உயிர்க்கும் இன்னல் இழைக்காத வழிபாடே நிறைந்த வழிபாடு.

திருவருள் பெருகுக! நந்தவனங்கள் தழைக்குக!